எஞ்சினைக் காக்கும் ஸ்பாஞ்சு!

சேறு, மணல், கல், மேடு – எங்கும் ஓடும் ஒரு வண்டி உண்டு. “ஏ.டி.வி.” என்பது அதன் பெயர். மோட்டார் சைக்கிள் போல ஏறி உட்கார்ந்து ஓட்ட வேண்டும். ஆனால், சக்கரங்கள் நான்கு!

1970-ல் ஜப்பானின் ஹோண்டா கம்பெனி இத்தகைய வண்டியை அமெரிக்காவில் விற்றது. அப்போது சக்கரம் மூன்றுதான். 1980-களில் நாலு சக்கர வண்டி வந்தது.

அமெரிக்காவில் பண்ணைக்காரர்கள் வேலியைப் பார்க்கவும், மாடுகளை ஓட்டவும் இதில் போகிறார்கள். பட்டறை வெகு தொலைவில் இருக்கும். ஆகவே, சிறு வேலைகளை அவர்களே செய்துகொள்கிறார்கள்.

தூசிதான் எதிரி

எஞ்சினுக்குக் காற்று வேண்டும். காற்றோடு தூசியும் போனால், பிஸ்டனும் சிலிண்டரும் தேயும். வலு குறையும். புகை கக்கும். இதைத் தடுப்பது எது? பல வண்டிகளில், ஒரு சிறு ஸ்பாஞ்சு!

கழுவுவது எப்படி?

எஞ்சின் ஆறியபின் ஸ்பாஞ்சைக் கழற்ற வேண்டும். சோப்பு நீரில் அலச வேண்டும். முறுக்கிப் பிழியக்கூடாது, கிழிந்துவிடும். உள்ளங்கையால் அமுக்கினால் போதும்.

நன்றாக உலர்ந்ததும், அதற்கென்று விற்கும் எண்ணெயைத் தடவ வேண்டும். அந்தப் பசைதான் தூசியைப் பிடிக்கிறது.

பெட்ரோலில் கழுவலாமா? கூடாது! தீப்பிடிக்கும்.

காகித வடிகட்டியாக இருந்தால் கழுவக்கூடாது. புதிதாக மாற்ற வேண்டும்.

வடிகட்டி இல்லாமல் ஒரு நிமிடம்கூட வண்டியை ஓட்டக்கூடாது. ஸ்பாஞ்சின் விலை சொற்பம். எஞ்சின் போனாலோ, பெரும் செலவு!