பனிமுகிலும் நுண்ணலையும்

(இளம் அறிவியல், மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

வானில் வெண்பஞ்சாய்ப் படரும் கீற்று முகிலைக் கண்டு மயங்காதார் யார்? அதனுள் இருப்பவை நீர்த்துளிகள் அல்ல, பனிப்படிகங்கள் என்று வகுப்பில் கேட்டபோது வியந்தேன். புயலை அறிய முயல்வோர்க்கு அந்தப் பனியே தடையாகவும் துணையாகவும் அமைகிறது என்று பின்னர் அறிந்தேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் தோப்பில் பாதித் தென்னைகள் சாய்ந்தன. 'புயலின் கண் எங்கே என்று எவ்வாறு கண்டறிகிறார்கள்?' என்ற வினா அன்று என்னுள் எழுந்தது. அகச்சிவப்புப் படத்தில், மேலே படர்ந்த பனிமுகிற் போர்வை புயலின் கண்ணைப் பல வேளைகளில் மறைத்துவிடும். நுண்ணலையோ அப்போர்வையை ஊடுருவி வரும்.

காரணம் யாது? திரவ நீரின் மூலக்கூறுகள் நுண்ணலைக்கேற்பத் திரும்பி ஆற்றலை உறிஞ்சுகின்றன. பனியிலோ அவை படிகக் கூட்டில் பூட்டப்பட்டுள்ளன. உறிஞ்சுதல் மிகக் குறைவு. மேலும், 89 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையின் நீளம் சுமார் 3.4 மில்லிமீட்டர். கீற்று முகிலின் நுண்படிகங்கள் அதற்கு ஒரு பொருட்டல்ல.

இடிமுகிலின் கதை வேறு. அங்கே மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்த பனியுருண்டைகளும் ஆலங்கட்டிகளும் அலையைச் சிதறடிக்கின்றன. அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களில், சிதறல் அதிர்வெண்ணின் நான்காம் அடுக்கிற்கேற்ப உயரும். 19 கிகாஹெர்ட்சிலிருந்து 89க்குச் சென்றால் ஏறத்தாழ 480 மடங்கு! துகள் பெருத்தால் இவ்விதி அப்படியே பொருந்தாது. எனினும் உயர் அதிர்வெண்ணில் பனி நன்கு புலப்படும் என்பது உண்மை.

கீழிருந்து எழும் கதிர்வீச்சின் ஒரு பகுதி இவ்வாறு திசைமாறிவிடுவதால், செயற்கைக்கோளுக்குக் கிட்டுவது குறைகிறது. கடும் இடிமுகிலின்மேல் ஒளிர்வு வெப்பநிலை 200 கெல்வினுக்கும் கீழே இறங்குவதுண்டு. முகில் அவ்வளவு குளிர்ந்துவிட்டது என்றே முதலில் நான் எண்ணினேன். அது பிழை, குளிர்ச்சியன்று, சிதறலே காரணம். இக்குறைவுதான் கண்ணைச் சூழ்ந்த மழைச்சுவரைக் காட்டிக் கொடுக்கிறது.

இந்தியாவும் பிரான்சும் இணைந்து 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய மேகா-டிராபிக்ஸ், 183 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளால் காற்றின் ஈரத்தை அளந்தது. அதன் பணி முடிந்து, 2023 மார்ச் 7 அன்று வளிமண்டலத்துள் இறக்கப்பட்டது.

தாழ்ந்த பாதையில் சுற்றும் இத்தகைய கோள் ஓரிடத்தை நாளில் சில முறையே கடக்கும்; இடைப்பட்ட வேளையில் புயல் உருமாறிவிடலாம். ஆகவே கோள்கள் இன்னும் பல வேண்டும். அவை தரும் எண்களைப் பொருளுணர்ந்து படிக்கும் இளைஞரும் வேண்டும். நண்பர்களே, அவருள் சிலர் நம் வகுப்பிலிருந்தும் எழலாமன்றோ!