அமெரிக்க விசா நேர்காணல்: பெற்றோர் எதற்குத் தயாராக வேண்டும்?

சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி இருக்கிறது அமெரிக்கத் துணைத் தூதரகம். காலையில் அங்கே வரிசையில் நிற்பவர்களில் மேற்படிப்புக்குப் போகும் மாணவர்கள் உண்டு; பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் உண்டு. மாணவர்களுக்கு வழிகாட்ட ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. பெற்றோருக்குக் கிடைப்பதெல்லாம் ஏஜென்ட் சொன்னதும் அக்கம்பக்கத்தார் சொன்னதும்தான். வீட்டுப் பத்திரம், நகை மதிப்பீடு, பேங்க் ஸ்டேட்மென்ட் என்று ஒரு ஃபைல் நிறையச் சேர்த்துக்கொண்டு போகிறார்கள். ஆனால், தங்கள் பெயரில் போயிருக்கும் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. தயாரிப்பு தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

சட்டம் சொல்வது

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்குப் பொதுவாகத் தரப்படுவது பி1/பி2 விசா. 1952-ம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, இந்த விசா கேட்டு வருபவர் அங்கேயே தங்கிவிடும் எண்ணம் உள்ளவர் என்றே அதிகாரி கருத வேண்டும். அப்படி இல்லை என்று நிறுவும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. கேள்விகள் கறாராக இருந்தால் உங்களைத் தனியாகச் சந்தேகிக்கிறார்கள் என்று நினைத்து மனம் கலங்க வேண்டாம். எல்லோருக்கும் அதே அளவுகோல்தான்.

மகன் அனுப்பும் அழைப்புக் கடிதமோ ஸ்பான்சர் பத்திரமோ விண்ணப்பத்துக்குத் தேவையில்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மகன் தரும் உறுதிமொழியைவிட, உங்களுக்கு ஊரில் இருக்கும் வீடு, தொழில், பென்ஷன், குடும்பப் பொறுப்புகள்தான் முக்கியம்.

படிவத்தைப் படியுங்கள்

டிஎஸ்-160 என்ற இணையப் படிவத்தைப் பெரும்பாலும் பிள்ளைகளோ ஏஜென்டோதான் நிரப்புகிறார்கள். பயண நோக்கம், எத்தனை நாள் தங்குவீர்கள், செலவு யாருடையது, கடந்த 5 ஆண்டுகளில் போன நாடுகள், பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகள், அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள், முன்பு விசா மறுக்கப்பட்டதா, உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று அது விரிவாகக் கேட்கிறது.

அதிகாரியின் திரையில் இருப்பது இந்தப் படிவம்தான். அதில் 2 மாதம் என்று இருக்க, அம்மா 6 மாதம் என்று சொன்னால் உடனே கேள்வி எழும். ஆகவே நேர்காணலுக்கு முன் படிவத்தின் நகலை வாங்கி, வரிக்கு வரி படியுங்கள். தவறு இருந்தால் புதிதாக நிரப்பலாம். ஆனால், புதிய படிவத்தின் எண்ணும் அப்பாயின்ட்மென்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

கவுன்ட்டரில் நடப்பது

முதலில் விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் புகைப்படமும் எடுப்பார்கள். தூதரகத்தில் நேர்காணல் அதன் பிறகுதான். அங்கே செல்போன் கொண்டுபோக முடியாது. நடப்பு பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட்கள், டிஎஸ்-160 உறுதிப் பக்கம், அப்பாயின்ட்மென்ட் கடிதம் ஆகியவை கையில் இருக்கட்டும். பென்ஷன் ஆணை, வங்கிக் கணக்கு விவரம் போன்றவற்றையும் வைத்திருங்கள். கேட்டால் மட்டும் கொடுங்கள்.

கண்ணாடித் தடுப்புக்கு முன் நின்றபடி பேச வேண்டும். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சென்னையில் தமிழிலேயே பதில் சொல்லலாம். தடுமாறும் ஆங்கிலத்தைவிடத் தெளிவான தமிழ் மேல். உரையாடல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“எதுக்காகப் போறீங்க?”

“பொண்ணு டல்லாஸ்ல இருக்கா. அடுத்த மாசம் அவளுக்குப் பிரசவம்.”

“மருமகன் என்ன பண்றார்?”

“எச்1பி விசால இருக்கார். ஒரு ஆஸ்பத்திரிக்கு சாப்ட்வேர் வேலை பார்க்கறார்.”

“எப்போ திரும்புவீங்க?”

“3 மாசத்துல வந்துடுவோம். என் வீட்டுக்காரருக்கு உரக்கடை இருக்கு. இப்ப தம்பிதான் பார்த்துக்கறான்.”

கேட்டதற்கு மட்டும் பதில், இரண்டு வரிக்குள். இதில் மனப்பாடம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. பிள்ளையின் கம்பெனி பெயர், ஊர், விசா வகை, அங்கே போய் எத்தனை ஆண்டுகள் ஆயிற்று என்பதை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மறைக்க வேண்டாம்

“பிரசவம்னு சொல்லாதீங்க, ஊர் சுற்றிப் பார்க்கப் போறோம்னு சொல்லுங்க” என்று சில ஏஜென்ட்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். மகளின் பேறுகாலத்தில் உடனிருக்கத் தாய் போவது குடும்பச் சந்திப்புதான். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? சம்பளத்துக்கு வேலை பார்ப்பதுதான் இந்த விசாவில் கூடாது. பழைய மறுப்பையோ குடியேற்ற மனுவையோ மறைப்பது இன்னும் ஆபத்து. முக்கியமான தகவலில் பொய் சொன்னதாகவோ போலி ஆவணம் கொடுத்ததாகவோ முடிவானால், அமெரிக்காவுக்குள் நுழையும் தகுதியே நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

முடிவுக்குப் பிறகு

விசா அனுமதிக்கப்பட்டால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இந்தியர்களுக்கு இந்த விசா 10 ஆண்டுகள்வரை செல்லுபடியாகும். அதற்காக 10 ஆண்டுகள் தங்கிவிட முடியாது. ஒவ்வொரு பயணத்திலும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை, அங்கே விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி முடிவு செய்வார். வழக்கமாக 6 மாதம் வரை கிடைக்கும்.

221(ஜி) என்று தாள் கொடுத்தால், கூடுதல் ஆவணமோ பரிசீலனையோ தேவை என்று பொருள். 214(பி) என்றால் மறுப்பு, மேல்முறையீடு கிடையாது. மீண்டும் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் 2023 ஜூனில் 185 டாலராக உயர்த்தப்பட்ட விண்ணப்பக் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும். முதலில் கட்டியது திரும்ப வராது. நிலைமையில் எந்த மாற்றமும் இல்லாமல் அவசரமாக மறுபடி போவதில் பெரிய பயன் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். படிவத்தை நிரப்பி, “நான் பார்த்துக்கறேன்மா, நீ போய் நின்னா போதும்” என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் கண்ணாடிக்கு முன் நிற்கப்போவது உங்கள் பெற்றோர். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, முழுப் படிவத்தையும் போனில் தமிழில் அவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்த பிறகே சமர்ப்பியுங்கள்.