பூட்டிய பெட்டிக்குள் ஆயாவின் ஆதாரைத் தேடுவது எப்படி?

"கார்டை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன் தம்பி. நம்பரைப் பேரன் இந்தத் தாள்ல எழுதிக் குடுத்திருக்கான், பாரு."

முதியோர் உதவித்தொகை என்ன ஆனது என்று கேட்க வரும் ஆயாக்கள், மடித்துவைத்த தாளை இப்படித்தான் நீட்டுவார்கள். ஜெயங்கொண்டமோ வேப்பந்தட்டையோ, இ-சேவை மையங்களில் இது அன்றாடக் காட்சி. கவுன்ட்டரில் இருப்பவர் 12 இலக்கங்களைத் தட்டுகிறார். "கொஞ்சம் இருங்க ஆயா... வந்துடுச்சு" என்கிறார்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. ஆதார் எண்ணை யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் வைக்க வேண்டும். பூட்டிய எண்ணைக் கம்ப்யூட்டர் எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறது?

பூட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பது நமக்கே தெரியும். பெயர், போன் நம்பர், ஆதார் மூன்றும் சேர்ந்த பட்டியல் மோசடிக் கும்பல் கையில் கிடைத்தால் போதும். "உங்க பென்ஷன் நின்னுபோச்சும்மா, ஓ.டி.பி சொல்லுங்க" என்று போன் வரும். எண்ணைச் சரியாகச் சொல்கிறாரே என்று ஆயாவும் நம்பிவிடுவார்.

வீடு மாறவில்லை, மாவட்டம் மாறியது

எண் எதற்கு, பெயரும் ஊரும் போதாதா? உடையார்பாளையத்தில் 70 வருடங்களுக்கு முன் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது திருச்சி மாவட்டத்தில். 1995-ல் அவர் ஊர் பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போனது. 2001-ல் அரியலூர். 2002-ல் மறுபடியும் பெரம்பலூர். 2007 நவம்பரில் மறுபடியும் அரியலூர். வீட்டு வாசற்படி ஓர் அங்குலம்கூட நகரவில்லை, முகவரி மட்டும் நான்கு முறை மாறிவிட்டது. போதாக்குறைக்கு ஒரே தெருவில் நான்கு ராமசாமிகள், ஐந்து செல்விகள். அதனால்தான் ஆளை அடையாளம் காண எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பூட்டினால் ஏன் தேட முடியாது?

இன்றைய அலுவலகப் பதிவுகள் பெரும்பாலும் 'ரிலேஷனல் டேட்டாபேஸ்' என்ற முறையில் இருக்கின்றன. ஐ.பி.எம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970-ல் முன்வைத்த யோசனை அது. எல்லாமே அட்டவணைகள்தான். பயனாளிகளுக்கு ஓர் அட்டவணை, பணம் போன விவரத்துக்கு இன்னோர் அட்டவணை. இரண்டையும் ஒரு பொதுவான எண் இணைக்கும். வேகமாகத் தேடுவதற்கு, எண்களை வரிசைப்படுத்திய 'இண்டெக்ஸ்' ஒன்றும் உண்டு. அகராதியில் சொல்லைத் தேடுவதுபோல நேராகப் போய் எடுத்துவிடலாம்.

என்கிரிப்ஷன் செய்தால், அதாவது பூட்டினால், அந்த வரிசை குலைந்துவிடும். நல்ல பூட்டுமுறையில் ஒரே எண்ணை இரண்டு முறை பூட்டினால் இரண்டு வெவ்வேறு குப்பை எழுத்துகள் வரும். பார்ப்பவர் ஊகிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி. அதனால் ஆயாவின் எண்ணை மறுபடி பூட்டி, அதே குப்பை எழுத்தைத் தேடினாலும் கிடைக்காது.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாமா? 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர், அரியலூர் இரண்டிலும் சேர்த்து சுமார் 13.2 லட்சம் பேர். ஓர் ஆயாவுக்காக இத்தனை பூட்டுகளையும் திறப்பது நேர விரயம். அதைவிட முக்கியம், ஒருவரைத் தேட எல்லோருடைய ரகசியத்தையும் திறக்க வேண்டியிருக்கிறது.

எண்ணுக்கு ஒரு கைரேகை

இதற்குப் பொறியாளர்கள் கையாளும் வழி, 'பிளைண்ட் இண்டெக்ஸ்'. பூட்டிய எண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தில் அந்த எண்ணின் 'கைரேகை' ஒன்றைக் கணக்கிட்டு வைப்பார்கள். ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே கைரேகைதான் வரும். கைரேகையை வைத்து எண்ணைத் திருப்பிக் கணக்கிட முடியாது. ஆயாவின் எண்ணைத் தட்டியதும் கம்ப்யூட்டர் அதன் கைரேகையைக் கணக்கிட்டு, அதே கைரேகை உள்ள வரியை மட்டும் எடுத்துத் திறக்கும்.

ஆனால், சாதாரண கைரேகை போதாது. ஆதார் எண் 0, 1-ல் தொடங்காது. கடைசி இலக்கம், மற்ற 11-ஐயும் சரிபார்க்கும் இலக்கம். கணக்குப் போட்டால் சாத்தியமான எண்கள் சுமார் 8,000 கோடிதான். பெரிதாகத் தெரிகிறதா? வீடியோ கேம் ஆடும் கம்ப்யூட்டரில் இருக்கும் சக்திவாய்ந்த கிராஃபிக்ஸ் கார்டே எல்லா எண்களுக்கும் சில நிமிடங்களில் கைரேகை எடுத்து ஒப்பிட்டுவிடும். அதனால் கைரேகைக் கணக்கிலேயே ஒரு ரகசியச் சாவியையும் சேர்க்கிறார்கள். சாவி இல்லாதவர் எத்தனை கோடி முறை முயன்றாலும் கைரேகை பொருந்தாது. அந்தச் சாவி டேட்டாபேஸ் இருக்கும் இடத்தில் இருக்கவே கூடாது. பீரோவைப் பூட்டிச் சாவியை அதன் மேலேயே வைத்தால் என்ன பயன்?

செருப்பு டோக்கன்

ஆதார் ஆணையம் 2017 ஜூலை 25-ல் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஆதார் எண்ணைச் சேமிக்கும் அமைப்புகள் அதைத் தனி 'டேட்டா வால்ட்'டில், அதாவது தனிப் பெட்டகத்தில், பூட்டி வைக்க வேண்டும். பூட்டும் சாவிகள் அதற்கென உள்ள பாதுகாப்புக் கருவியில் இருக்க வேண்டும். மற்ற அட்டவணைகளில் ஆதாருக்குப் பதில் ஒரு குறிப்பு எண் மட்டுமே இருக்கலாம்.

சிறுவாச்சூர் மதுர காளியம்மன் கோயிலுக்குப் போகிறோம். செருப்பை விடுகிற இடத்தில் டோக்கன் தருகிறார்கள். டோக்கனைப் பார்த்து அது யாருடைய செருப்பு, என்ன சைஸ் என்று சொல்ல முடியுமா? குறிப்பு எண்ணும் அப்படித்தான். திருடுபவருக்கு வெறும் டோக்கன்தான் கிடைக்கும்.

மக்காச்சோளம் காட்டிக்கொடுக்கும்

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. பெரம்பலூர் விவசாயிகள் பட்டியலில் 'பயிர்' என்ற கட்டத்துக்குக் கைரேகை வைத்தால், அதிகம் திரும்பத் திரும்ப வருவது மக்காச்சோளம் என்று உள்ளூர்க்காரர் யாரும் சொல்லிவிடுவார். சாவியே தேவையில்லை. நோயின் பெயர், சாதி, ரத்த வகை என்று சில விடைகளே உள்ள கட்டங்களிலும் இதே ஆபத்துதான். ஆளுக்கு ஆள் மாறும் எண்களுக்கே கைரேகை பொருத்தம்.

நம் பங்கு

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைச் சரியாகப் பாதுகாக்கத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. ஆனால், பெட்டகத்தில் இருக்கும் எண்ணை நாமே வெளியில் விட்டால் எந்தப் பூட்டும் உதவாது.

* லாட்ஜ், வாடகை வீடு போன்ற இடங்களில் கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.
* 16 இலக்க விர்ச்சுவல் ஐ.டி ஏற்கப்படும் இடங்களில் அதையே பயன்படுத்துங்கள். வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம்.
* ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் ஆதாரை அனுப்பினால், பிரின்ட் எடுத்ததும் அவர் போனிலும் கம்ப்யூட்டரிலும் இருப்பதை உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஆயா கொண்டுவந்த அந்தத் தாள். வேலை முடிந்ததும் அது மேஜையில் கிடக்க வேண்டாம். "இந்தாங்க ஆயா, இதைப் பத்திரமா வச்சுக்கங்க" என்று அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.