குடும்பக் கதை தெரிந்த குழந்தைகள்

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர் மார்ஷல் டியூக். அவருடைய மனைவி சாரா, கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளோடு பணியாற்றியவர். தங்கள் குடும்பத்தைப் பற்றி நிறையத் தெரிந்துவைத்திருக்கும் பிள்ளைகள், சிக்கல் வரும்போது மற்றவர்களைவிட நன்றாகச் சமாளிக்கிறார்கள் என்று அவர் கணவரிடம் சொன்னார்.

இது உண்மையா என்று பார்க்க, டியூக்கும் சக ஆய்வாளர் ராபின் ஃபைவுஷும் 20 கேள்விகளைத் தயாரித்தார்கள். தாத்தா, பாட்டி வளர்ந்த ஊர் எதுவென்று தெரியுமா? அப்பாவும் அம்மாவும் சந்தித்தது எங்கே? உனக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? நீ பிறந்த கதை தெரியுமா? இவற்றில் எதையும் ஒரு குழந்தை தானாகக் கண்டு அறிந்திருக்க முடியாது. வீட்டில் யாராவது சொல்லியிருந்தால்தான் தெரியும். சிரிக்காமல் முறைத்துக்கொண்டே இருந்ததால் முகம் அப்படியே உறைந்துபோன சொந்தக்காரரைப் பற்றிக்கூட ஒரு கேள்வி உண்டு. குடும்பங்களில் கட்டுக்கதைகளும் புழங்கும் என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியும்.

2001 கோடையில் சில டஜன் குடும்பங்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டார்கள். சாப்பிடும்போது நடந்த பேச்சுகளையும் பதிவுசெய்தார்கள். குடும்பக் கதைகள் அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடுதலாக இருந்தது. தம் வாழ்க்கை தம் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையும் வலுவாக இருந்தது. அந்தச் செப்டம்பரில் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நாட்டையே உலுக்கியது. அதன்பின் அதே பிள்ளைகளை மறுபடி சந்தித்தபோது, அந்த அதிர்ச்சியையும் குடும்பக் கதைகள் அதிகம் தெரிந்தவர்கள் மற்றவர்களைவிடத் திடமாகத் தாங்கியிருந்தது தெரிந்தது.

அப்படியென்றால் 20 பதில்களையும் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிடலாமா? பலன் இருக்காது என்கிறார் டியூக். சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து பயணம் போய், பண்டிகை நாளில் கூடி உட்கார்ந்து பேசும் வீடுகளில்தான் இந்தக் கதைகள் கைமாறுகின்றன. எத்தனை பதில்கள் தெரியும் என்ற மதிப்பெண் காட்டுவது அந்தப் பழக்கத்தை.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். ஏற்கெனவே நன்றாக இருக்கும் குடும்பங்கள்தானே நிறையப் பேசும்? பேச்சால்தான் நன்மை வந்தது என்று எப்படிச் சொல்வது?

நியூசிலாந்தில் எலைன் ரீஸ் குழுவினர் நடத்திய சோதனை இதற்குப் பதில் தேடியது. சின்னஞ்சிறு குழந்தைகளின் தாய்மார்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், நடந்ததைப் பிள்ளையோடு விரிவாகப் பேசப் பயிற்சி தந்தார்கள். முறை எளிது. நம் ஊர் உதாரணத்தில் சொன்னால், "தேர் பார்த்தோமே, நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால், "ம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "ராட்டினத்துல யார்கூட ஏறின? மேல போனப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் குழந்தை யோசிக்கும். அது சொல்வதை ஆமோதித்து, விட்டுப்போனதை அம்மா சேர்த்துச் சொல்ல, பயமும் சந்தோஷமும் பேச்சுக்குள் வரும். அந்தக் குழந்தைகள் பதின்ம வயதை எட்டியபோது, பயிற்சி பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் தம் வாழ்வின் திருப்பங்களைக் காரண காரியத்தோடு சொன்னார்கள். மனச்சோர்வின் அறிகுறிகளும் அவர்களிடம் குறைவாக இருந்தன.

எந்தக் கதையைச் சொல்வது என்பதும் முக்கியம். ஒன்றுமில்லாமல் வந்து உயர்ந்தோம் என்பது ஒரு வகை. எல்லாம் இருந்தது, இழந்துவிட்டோம் என்பது இன்னொன்று. ஏற்றமும் இறக்கமும் கலந்த கதையே பிள்ளைகளுக்கு அதிக பலம் தருகிறது என்பது டியூக்கின் கருத்து. அப்பா தொடங்கிய கடை நொடித்துப்போனதையும், அந்த வருடம் யார் கைகொடுத்தார்கள், கடன் எப்படி அடைந்தது என்பதையும் சேர்த்தே சொல்லலாம். சித்தி பத்தாம் வகுப்பில் தவறி, மறுபடி எழுதித் தேறியதையும் மறைக்க வேண்டியதில்லை. கணக்குத் தேர்வில் தோற்று வரும் பிள்ளைக்கு, தன் வீட்டிலேயே இதைக் கடந்து வந்த ஒருவரை அடையாளம் காட்ட அந்தக் கதை போதும்.