உங்களுக்குத் தெரியுமா? ஆடவல்லான் பெயரில் எடைக்கல்!

அரக்கோணம் ரயிலில் போகிறவர்களே, திருவாலங்காடு ஸ்டேஷன் வந்தால் ஜன்னலோரம் வந்துவிடுங்கள்! நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை இந்த ஊரில்தான்! சிதம்பரத்துக்குப் பொன், மதுரைக்கு வெள்ளி, நெல்லைக்குத் தாமிரம், குற்றாலத்துக்குச் சித்திரம். திருவாலங்காட்டுக்கு ரத்தினம்!

1905-ல் இங்கே கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேட்டில் எத்தனை ஏடுகள் தெரியுமா? 31! கடாரம் வென்ற சேதியும் அதில் உண்டு!

இந்த ஊர் நடராசர் வெண்கலத் திருமேனி இப்போது எழும்பூர் மியூசியத்தில். அதன் போட்டோவைப் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோதான் சொக்கிப்போய் எழுதித் தள்ளினார்! நேரில் பார்த்ததே இல்லை! எழுத்து அச்சானது 1921-ல். அவர் கண்மூடி 4 வருடம் கழித்து!

ஆடும் சிவனுக்குச் சோழர் வைத்த பெயர் ஆடவல்லான். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கொடுத்த பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கும் அதே பெயர்! ரத்தினத்துக்கு வேறு கல். அதன் பெயர் தட்சிணமேருவிடங்கன்!

கணக்கு கழஞ்சில். 1 கழஞ்சு 20 மஞ்சாடி, 1 மஞ்சாடி 2 குன்றி. ஒரு குன்றிமணி எடைகூடத் தப்பவில்லை! நகைக்குள் இருக்கும் சரடு, செப்பாணி, அரக்கு பற்றிக்கூடக் கல்வெட்டே ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. இப்படியொரு நகை பில் உலகில் எங்காவது உண்டா!

முத்து வகையைக் கேளுங்கள். வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து... மூச்சு வாங்குகிறதா? குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று நீரோட்டம் வாரியாகவும் பிரித்திருக்கிறார்கள்! அத்தனையும் கோயில் சுவரில், கல்லில்!

கடல் தாண்டுவோமா? வியட்நாமின் பழைய சம்பா நாட்டு அரசர்கள் சிவலிங்கத்துக்குப் பொற்கவசம் சாத்தினார்கள். அதில் சிவன் முகம்! 11-ஆம் நூற்றாண்டில் ஒரு மன்னர் கொடுத்த கவசத்தில் முகங்கள் ஆறு! அவர்களின் மிசோன் கோயில்கள் 1999 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்!

கடைசியாக என் செல்லக் கண்டுபிடிப்பு! தாய்லாந்தின் கிராபி பக்கம் குளோங் தோமில் கிடைத்தது ஒரு சின்ன உரைகல். அதில் தமிழ்-பிராமியில் 'பெரும்பதன் கல்'! கடல் கடந்துபோன நம் பொற்கொல்லர் ஒருவர் தங்கம் உரசிய கல் அது. வயசு? சுமார் 1,700 வருடம்!