உங்களுக்குத் தெரியுமா? கலப்பின நாய்க்குட்டி

● ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு அப்பா இருக்கலாம்! பருவத்தில் பெட்டை பல கடுவன்களுடன் சேர்ந்தால் இப்படி நடக்கும்.

● தோற்றத்தை வைத்து இனத்தைச் சொல்வது கடினம். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற ஆய்வாளர்கள் பசென்ஜி, காக்கர் ஸ்பானியல் என்ற இரு நாய் இனங்களை இணைத்தார்கள். பிறந்த குட்டிகளில் பல தாயைப் போலவும் இல்லை, தந்தையைப் போலவும் இல்லை.

● குணத்தில் இனத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டது. 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் ஆராய்ந்தது. நாய்க்கு நாய் காணப்படும் குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான்.

● ஆனாலும் சில நாட்டங்கள் ரத்தத்தில் வரும். ஆடு மேய்க்கும் கோலி கலந்த குட்டி, ஓடும் பிள்ளைகளின் குதிகாலைத் துரத்தலாம். பீகிள் கலந்தது மோப்பம் பிடித்தபடி தெருக்கோடி வரை போய்விடலாம்.

● கோலி கலப்பு என்று சந்தேகமா? கால்நடை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவ்வகை நாய்கள் சிலவற்றில் எம்டிஆர்1 என்ற மரபணு மாற்றம் உண்டு. ஐவர்மெக்டின் போன்ற மருந்து அளவு கூடினால் அவற்றின் மூளையைப் பாதிக்கும்.

● குட்டி உலகத்துக்குப் பழகும் முக்கியப் பருவம், பிறந்த 3-ஆவது வாரம் முதல் ஏறக்குறைய 14-ஆவது வாரம் வரை. மனிதர்கள், மிக்சி சத்தம், பைக் ஒலி எல்லாவற்றையும் அப்போதே மெல்ல அறிமுகப்படுத்துங்கள்.