மீட்சி என்பது யாது?

தாம்பரத்தை அடுத்துள்ள புகைவண்டி நிலையத்திற்குச் 'சானடோரியம்' என்று பெயர். 1928ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து காசநோயாளர்க்கென அங்கே நிறுவிய மருத்துவமனையே அப்பெயருக்குக் காரணம். காசநோய் என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்ல அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. மருந்து வந்தது, அச்சம் தணிந்தது. இன்று அப்பெயரைச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்க எவரும் நாணுவதில்லை. மனநோய்க்கும் மருந்து உண்டு. ஆயினும் அதன்மீது படிந்த பழி இன்னும் நீங்கவில்லை.

இப்பழி இருவகைப்படும். ஊரார் நோயாளியை இழிவாக எண்ணுவது ஒன்று. அவ்வெண்ணத்தை நோயாளியே ஏற்றுத் தம்மைத் தாழ்த்திக்கொள்வது மற்றொன்று. பின்னதைத் 'தன்னிழிவு' எனலாம். அது படிப்படியாக வளர்வது. "மனநோயாளரால் எதுவும் இயலாது" என்று உலகம் சொல்லக் கேட்கிறார், மெய்யென நம்புகிறார், "நானும் அத்தகையவனே" என முடிவு செய்கிறார், "முயன்று என்ன பயன்?" என்று வேலையையும் நட்பையும், சிலவேளை மருந்தையும் கைவிடுகிறார்.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்களைப் பிணித்தது இரும்பு மட்டுமன்று. 'இவர்கள் மீளார்' என்ற நம்பிக்கையுமாகும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. அந்த நம்பிக்கையை நீக்கும் கடமையோ நம்முடையது.

அது பிழையான நம்பிக்கை என்பதற்குச் சென்னையே சான்று. 1981இல் இங்குத் தொடங்கிய ஆய்வு, மனச்சிதைவு நோய் புதிதாகக் கண்ட 90 பேரைப் பின்தொடர்ந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் தொடர்பில் இருந்தோருள் பெரும்பாலோர்க்கு நோய்க்குறிகள் தணிந்திருந்தன.

ஆயினும், குறிகள் அறவே அகன்றால்தான் மீட்சியா? அன்று. நோயின் எல்லைகளுக்கு உள்ளேயும் நம்பிக்கையோடும் பயனோடும் வாழ்வதே மீட்சி என 1993இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் அந்தோணி விளக்கினார். அதே ஆண்டு சென்னையில் தோன்றிய 'பேனியன்' அமைப்பு, நெடுங்காலம் மருத்துவ நிலையங்களில் தங்கியோரைச் சிறு குழுக்களாக ஊர் நடுவே வாடகை வீடுகளில் குடியமர்த்தும் திட்டத்தை 2015இல் தொடங்கியது. சமைத்தல், கடைக்குச் செல்லுதல், அண்டை வீட்டாரோடு உரையாடுதல் ஆகிய எளிய செயல்களே அங்கு மீட்சியின் படிகள்.

அன்பர்களே! நம் தெருவிலும் அத்தகையோர் இருக்கலாம். 'பைத்தியம்' என்னும் சொல்லை நாவினின்று அகற்றுவோம். திருமண வீட்டிற்கு அவரையும் பெயர் சொல்லி அழைப்போம். தொழுகையும் பிரார்த்தனையும் ஆறுதல் தரட்டும். மருத்துவமும் உடன் நடக்கட்டும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அறிந்து வைத்திருப்போம். ஊர் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டால், அவர் தம்மைப் பற்றிக் கொண்ட எண்ணமும் மாறத் தொடங்கும்.